ஒன்றுமில்லை என்று சொல்லாத டாக்டரம்மா

அந்த டாக்டரம்மாவின் வாயிலிருந்து ‘ஒண்ணும் இல்ல’ என்ற வார்த்தையை வரவழைக்க நான் சேலையூர் கேம்ப் ரோட்டுக்கு நடையாய் நடந்திருக்கிறேன். மற்ற டாக்டர்களிடம் இது கேட்காமலே கிடைக்கும். குழந்தையை மேஜையில் கிடத்துவதற்கு முன்பே “ஒண்ணும் இல்லம்மா, பயப்படாதீங்க” என்று சொல்லிக்கொண்டே மருந்து எழுத ஆரம்பித்துவிடுவார்கள். பாதிக் காய்ச்சல் அங்கேயே இறங்கிவிட்ட மாதிரி நாமும் எழுந்து வருவோம். இவரிடம் அந்தக் கதை நடக்காது. இவர் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்கிறவர். இவரிடம் போகிற யாரும் சும்மா போவதில்லை என்பதால், அந்த வார்த்தைக்கு ஏங்காமல் அந்தப் படியில் ஏறியவர்களும் இல்லை.

பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் கிளினிக். படி செங்குத்தாக இருக்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுவதற்குள் முட்டி கழன்றுவிடும். கீழே பஸ் ஹாரன் அடித்தால் மேலே ஜன்னல் கண்ணாடி அதிரும், தூங்குகிற குழந்தைகள் எல்லாம் விழித்துக்கொள்ளும். காலை முழுக்க ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துவிட்டு, சாயங்காலம் அவர் இங்கே வந்து உட்காருவார். வரும்போதே களைத்துப்போய்த்தான் வருவார். ஐம்பதைத் தாண்டிய கனத்த உடம்பு, கஞ்சி கலைந்த காட்டன் புடவை, கட்டைக் குரல். சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கும் அந்த நாட்களில் சிரிப்பு ஒன்றும் பொங்கி வழியவில்லை என்பதால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

அவர் மேஜையில் எப்போதும் ஒரு ஃபிளாஸ்க் இருக்கும். முதல் தடவை பார்த்தபோது, நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், இந்தம்மா டீ குடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அதிலிருந்து வெந்நீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு கையையும் முக்கி எடுத்து, துண்டில் துடைத்து, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டார். அதன் பிறகுதான் குழந்தையைத் தொட்டார். சில்லென்று தொட்டால் குழந்தை உடம்பை இறுக்கிக்கொள்ளுமாம், இறுகிவிட்டால் கட்டி எது சதை எது என்று கைக்குத் தெரியாதாம். வாசலில் எத்தனை பேர் காத்திருந்தாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் இது நடக்கும். இதைச் செய்வதற்கு அவர் யாரையும் உதவிக்கு விட்டதில்லை.

நாங்கள் அவரிடம் போய்ச் சேர்ந்ததே சுற்றி வளைத்துத்தான். அப்போது பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பின் தெருவில் வாடகைக்கு இருந்தோம். என் மகள் குப்புற விழப் பழகிக்கொண்டிருந்த மாதம். அவளைக் குளிப்பாட்ட அந்த ஊர் அக்கா ஒருவர் வருவார். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு, எண்ணெய் தடவி நீவி அவர் குளிப்பாட்டினால் பிள்ளை மத்தியானம்வரை தூங்கும். ஒரு நாள் அவர் கை நின்றது. இடது தோள்பட்டைக்குக் கீழே, அக்குளை ஒட்டி, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மேடு.

“இன்னா கண்ணு இது, முதுகாண்ட வீங்கிகினு கீது” என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே சொல்லிவிட்டார். “ஒண்ணும் இல்ல. உரம் வுழுந்து கீது. எடுத்தா போயிடும்.”

கைக்குழந்தையைத் தூக்குகிற வாட்டத்தில் கழுத்தோ முதுகோ பிசகிக்கொண்டால் உரம் விழுந்துவிட்டது என்பார்கள். பழைய புடவையில் குழந்தையைக் கிடத்தி, இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்து, மெதுவாக இப்படியும் அப்படியும் உருட்டினால் பிசகு சரியாகிவிடும் என்பது நம்பிக்கை. ஒரு முனையை நான் பிடித்தேன், ஒரு முனையை அந்த அக்கா பிடித்தார். என் மகள் ஊஞ்சல் என்று நினைத்துச் சிரித்தாள். உரம் எடுத்த பிறகு, தினமும் குளிப்பாட்டும்போது விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி அந்த இடத்தை நீவியும் விட்டார். மேடு கரையவில்லை. நெல்லிக்காய் அளவாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சின்ன எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்துவிட்டது.

பிறகு ஒரு டாக்டரிடம் காட்டினோம். கொழுப்புக் கட்டி, ஒண்ணும் இல்ல, பெரியவளானதும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இன்னொருவரிடம் காட்டினோம். அவரும் ஒண்ணும் இல்ல என்றார். என் கணவர் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர். இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள் என்று நிம்மதியாகத் தூங்கினார். எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீசில் ஒரு டீச்சர்தான் இந்த டாக்டரம்மாவைச் சொன்னார். “பயமுறுத்துவாங்க. ஆனா நல்ல கை” என்றார்.

முதல் நாள் அவர் விளக்கை அணைக்கச் சொல்லி, சின்ன டார்ச்சைக் கட்டியின் மேல் ஒட்டிவைத்து அடித்தார். தண்ணீர்க் கட்டியாக இருந்தால் வெளிச்சம் உள்ளே ஊடுருவிச் சிவப்பாகத் தெரியுமாம். தெரியவில்லை. பிறகு குழந்தை அழுதபோது நான் மார்போடு அணைக்கப் போனேன், அவர் தடுத்துவிட்டார். கொஞ்சம் அழட்டும் என்றார். அழும்போது கட்டி புடைத்தால் அது ரத்தக் குழாய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாமாம். அது புடைக்கவில்லை, என் கோபம்தான் புடைத்தது. குழந்தையை அழவிட்டு வேடிக்கை பார்க்கிற டாக்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. யாராவது நீவிவிட்டீர்களா என்று கேட்டார். ஆமாம், உரம் எடுத்தோம் என்றேன். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். நிறுத்திவிடுங்கள், நீவினால் இது கரையாது என்பதோடு முடித்துக்கொண்டார்.

கடைசியில் அவர் சொன்னது இதுதான். “தண்ணிக் கட்டி இல்ல. ரத்தக் குழாய்க் கட்டி மாதிரியும் தெரியல. கொழுப்புக் கட்டியா இருக்கலாம். ஆனா பெரியவங்களுக்கு வர்ற கொழுப்புக் கட்டி இவ்வளவு வேகமா வளராது. எனக்கு இவ்வளவுதான் தெரியும்மா. இதுக்கு மேல தெரியாது.”

பயப்படுவதற்கு ஒண்ணும் இல்லைதானே டாக்டர் என்று கேட்டேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவு கெஞ்சல் அதில். ஸ்கேன் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார். படியிறங்கும்போது என் கணவர், இந்தம்மாவுக்கு மனுஷங்ககிட்ட பேசவே தெரியலை என்றார். நானும் ஆமாம் போட்டேன். குளிப்பாட்ட வரும் அக்காவிடம் நீவ வேண்டாம் என்று சொன்னபோது அவருக்கும் முகம் சுண்டிவிட்டது. ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாதவங்கல்லாம் இன்னாத்துக்கு டாக்டரா கீறாங்க என்று கேட்டுவிட்டுப் போனார். இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே கட்சி.

‘இவ்வளவுதான் தெரியும்’ என்பதை அவர் எல்லோரிடமும் சொல்வார். ஒரு நாள் நாங்கள் காத்திருந்தபோது ஊரப்பாக்கம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பேரனைக் கொண்டுவந்திருந்தார். வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் கடையாகி, வசதியாகிவிட்ட பழைய குடும்பம் என்பது வெள்ளைச் சட்டையிலும் கார் சாவியிலும் தெரிந்தது. குழந்தையின் தொடையில் கட்டி. உள்ளே நடந்தது வெளியே தெளிவாகக் கேட்டது.

“ஒண்ணும் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. நான் போயிகினே இருக்கேன்” என்றார் அவர்.

“தெரியாததை நான் எப்படிங்க சொல்றது?” என்றார் டாக்டரம்மா.

ஸ்கேன் சீட்டை அங்கேயே வைத்துவிட்டுப் பெரியவர் எழுந்து வந்துவிட்டார். வேற டாக்டரே இல்லாத ஊரா இது என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. சில மாதம் கழித்து அதே மனிதரை அதே பெஞ்சில் பார்த்தேன். குழந்தையின் தொடை பார்க்கச் சகிக்கவில்லை. ஒண்ணும் இல்ல என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், இவரும் நம்பியிருக்கிறார். உள்ளே போனதும் டாக்டரம்மா என்ன சொல்லப்போகிறார் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உட்காருங்க என்றார். ஃபிளாஸ்க் திறக்கிற சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

எம்.ஆர்.ஐ. எடுக்க என் மகளுக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். அந்த எந்திரத்தின் சத்தம் இன்னமும் எனக்குக் கனவில் வரும். படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டி, வெளியே தெரிகிறது பாதிதான் என்றார் டாக்டரம்மா. மீதிப் பாதி பலாச்சுளை மாதிரி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு அக்குளுக்குள் போயிருந்தது. எடுத்துவிட வேண்டும், கைக்குப் போகிற நரம்பைத் தொடாமல் எடுக்கப் பார்க்கிறேன் என்றார். பார்க்கிறேன் என்று சொன்னதற்காக என் கணவர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

ஆபரேஷன் தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தது. பால் கேட்டு அழுத குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது என்று விடியற்காலையிலிருந்து தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். எனக்குப் பால் கட்டி நெஞ்சு வலித்தது. குழந்தையை உள்ளே வாங்கிக்கொண்டு போன பிறகு, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் என் கைகள் வெறுமனே தொங்கின. அப்படி ஒரு அலுப்பு. வெளியே வந்த டாக்டரம்மா தலைத் தொப்பியைக் கழற்றாமலே சொன்னார். கட்டியை எடுத்தாயிற்று, முழுசாக எடுத்த மாதிரித்தான் தெரிகிறது, குழந்தை விரல்களை அசைக்கிறாள், மற்றது ரிப்போர்ட் வந்த பிறகு.

ரிப்போர்ட்டில் ‘லிப்போபிளாஸ்டோமா’ என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லைப் படித்ததும் என் கணவர் வெளிறிப்போனார். டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்து, வழக்கத்துக்கு மாறாக நிதானமாகச் சொன்னார். “வயித்துல இருக்கும்போது உருவாகிற பிஞ்சுக் கொழுப்பு, போகப்போக முத்தி சாதாரணக் கொழுப்பா ஆகணும். இவளுக்கு அந்த ஒரு இடத்துல முத்தாமலே பெருகியிருக்கு. இது புற்று இல்ல. வேற இடத்துக்குப் பரவாது. ஆனா எடுத்த இடத்துலயே திரும்ப வரலாம்.”

‘புற்று இல்ல’ என்பது என் கணவர் காதில் விழுந்தது. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். என் காதில் விழுந்தது ‘திரும்ப வரலாம்’ என்பது. ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம், ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் பைத்தியக்காரி மாதிரி ஆகிவிட்டேன். பால் கொடுக்கும்போது தடவுவேன், தூங்கும்போது தடவுவேன், ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் தடவுவேன். தழும்பு சிவந்துபோனது. அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டார். அன்றைக்குத்தான் அமாவாசைக் கணக்கைச் சொன்னார். தினம் பார்த்தால் வளர்வது தெரியாது, மாதத்தில் ஒரு நாள் பார்த்தால் போதும், அமாவாசை அன்றைக்குத் தலைக்குக் குளிக்கவைக்கும்போது இரண்டு விரலைப் படுக்கையாக வைத்துத் தழும்பு ஓரமாகவே போய் அக்குள்வரை பாருங்கள், மற்ற நாளில் கை வைக்காதீர்கள் என்றார். என் விரல்களைப் பிடித்து எவ்வளவு அழுத்த வேண்டும் என்றும் காட்டினார்.

அவருக்குச் சாமி பக்தி இருந்த மாதிரித் தெரியவில்லை. மேஜையில் ஒரு படம்கூடக் கிடையாது. இந்தப் பக்கத்து வீடுகளில் மறக்காத நாள் அதுதான் என்று அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். கடை வாசலில் பூசணிக்காய் உடைந்து கிடந்தாலே போதும், யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம். சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு, முஸ்லிம் வீடுகளுக்குப் பிறை பார்த்த மறுநாள். அவரிடம் வந்துபோகிற அம்மாக்கள் எல்லோருக்கும் மாதத்தில் ஒரு நாள் பயப்படுவதற்கு, மற்ற நாளெல்லாம் லீவு. அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று.

அமாவாசைகள் போய்க்கொண்டிருந்தன. மகள் நடந்தாள், பேசினாள், பிளே ஸ்கூலில் சேர்ந்தாள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். சொந்தக்காரர்கள் எல்லாம், அதான் ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சே, இன்னும் எதுக்கு ஓடுறீங்க என்று கேட்டார்கள். ஜிஎஸ்டி ரோடு நெரிசலில் வண்டியில் குழந்தையை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு போகும்போதெல்லாம் நானும் அதைத்தான் கேட்டுக்கொள்வேன். அப்படி ஒரு அமாவாசையில், தையல் தழும்பு முடிகிற இடத்தில், என் விரலுக்கு அடியில் ஏதோ நழுவியது. வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி அவ்வளவுதான். மறுபடி தேடினேன். இருந்தது.

அன்று சாயங்காலமே போனோம். அவர் கை வைத்துப் பார்த்து, ஆமாம் என்றார். ஸ்கேனும் ஆமாம் என்றது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை காலம் சேர்த்து வைத்த சலிப்பெல்லாம் அவர்மேல் போய் விழுந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஒண்ணும் இல்லன்னு சொல்லியிருந்தா நாங்க கொஞ்ச நாளாவது நிம்மதியா இருந்திருப்போமே டாக்டர் என்று கத்தியேவிட்டேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “சொன்னா நீங்க கையை எடுத்துடுவீங்கம்மா” என்றார். “எடுத்திருந்தா இது எனக்கு இவ்வளவு சின்னதா கிடைச்சிருக்காது.”

இரண்டாவது ஆபரேஷன் சின்னதாக முடிந்தது. நரம்புப் பக்கமே போக வேண்டியிருக்கவில்லை. மறுநாளே மகள் அந்தக் கையால் இட்லியைப் பிய்த்துத் தின்றாள். நான் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. அதற்கப்புறம் அவரிடம் எனக்கு வந்தது பாசமா என்றால் ஆமாம், பாசம்தான். ஆனாலும் அந்த வார்த்தைமேல் இருந்த ஆசை போகவில்லை. என்றைக்காவது ஒரு நாள், எல்லாம் முடிந்த பிறகு, அவர் அதைச் சொல்லி எங்களை அனுப்பிவைப்பார் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாகப் போனது போன வருஷம் மழை தொடங்கியபோது. மகள் பெரிய பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். படியில் எனக்கு முன்னால் ஓடினாள். உள்ளே டாக்டரம்மாவைப் பார்த்ததும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பாதி உடம்புதான் இருந்தது. புடவை தோளில் தங்கவில்லை. ஃபிளாஸ்க் மூடியைத் திருகிப் பார்த்தார், முடியவில்லை. வெளியே டோக்கன் கொடுக்கிற பெண்ணைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னார். அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் திறந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

கையை முக்கி எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். மகள் தானே சட்டையைத் தூக்கிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள். அவர் தொட்டதும் துள்ளினாள்.

“டாக்டர் ஆன்ட்டி, கை சில்லுனு இருக்கு” என்றாள்.

சாரி சாரி என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் கையை வெந்நீரில் வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தழும்பு ஓரமாகவே போய், அக்குளுக்குள் விரலை விட்டு, திரும்பி வந்தார். அந்த நேரத்தில் நான் மூச்சு விடுவதில்லை. அன்றும் விடவில்லை.

“கைக்கு எதுவும் தட்டலை. ஸ்கேனும் சுத்தமா இருக்கு. இவ்வளவு காலம் வரலைன்னா, இனிமே வர்றதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. இனி என்கிட்ட வர வேண்டாம்மா. அமாவாசையை மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு விட்டுடாதீங்க” என்றார்.

அவருடைய பாஷையில் அதற்குமேல் ஒரு நல்ல செய்தி கிடையாது. அது எனக்குத் தெரியும். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். என் கண் அவருடைய கழுத்தெலும்பைவிட்டு நகரவில்லை. மகளுக்குப் பொத்தான் போட்டுவிட்டு வெளியே அனுப்பினேன். பிறகு, உங்களுக்கு உடம்புக்கு என்ன டாக்டர் என்று கேட்டேன்.

அவர் கையைத் துடைத்துத் துண்டை மடித்துவைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“எனக்கா? ஒண்ணும் இல்லம்மா” என்றார்.

நான் எத்தனையோ தடவை கெஞ்சியும் கோபப்பட்டும் கேட்ட வார்த்தை. அது இப்படிக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. தேங்க்ஸ் டாக்டர் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அடுத்த குழந்தை உள்ளே போனது.

அமாவாசைக்கு இப்போதும் மகளைத் தலைக்குக் குளிக்கவைத்து, இரண்டு விரலையும் வெந்நீரில் நனைத்துக்கொண்டு பார்க்கிறேன். அவளுக்குக் கூச்சம், நெளிகிறாள். இருக்காம்மா என்று கேட்பாள். இன்னைக்குத் தட்டலை என்பேன். கேம்ப் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது மாடியைப் பார்ப்பேன். சாயங்காலத்திலும் விளக்கு எரிவதில்லை. கீழே பாத்திரக் கடைக்காரரைக் கேட்டால் சொல்லிவிடுவார். நான் இறங்கிக் கேட்டதில்லை. அவரைப் பற்றி எனக்கு இவ்வளவுதான் தெரியும். இதற்கு மேல் தெரியாது.